கெட்டி மேளத்துக்கு மட்டும் விலக்கு

என் மனைவி மங்கையர்க்கரசி காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். நான் மைக்செட்காரன். சொந்த ஊர் இருவருக்கும் விழிதியூர். பெண் பார்க்கப் போன அன்றைக்கே அவளுடைய அத்தை ஒருத்தி, "உத்தியோகத்துல இருக்கற பொண்ண ரேடியோ கட்றவனுக்கா குடுக்கப் போறீங்க?" என்று என் காதுபடவே கேட்டாள். அப்போதெல்லாம் எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

மங்கைக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கவேண்டும். சமையலறை டப்பாக்களில்கூட வாங்கிய தேதி எழுதி ஒட்டியிருக்கும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. பி.எஸ்சி. கணக்குப் படித்தவள். அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் பயந்து ஓட, இவள் மாலை வகுப்பில் சேர்ந்து ப்ரோகிராம் எழுதவே கற்றுக்கொண்டாள். அது ஏன் அவ்வளவு பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். "தப்பு எந்த வரியில இருக்குன்னு நேரா சொல்ற மேலதிகாரி இது ஒண்ணுதாங்க," என்றாள்.

2006இல் நானும் கேசட்டுகளை மூட்டை கட்டிவிட்டுக் கம்ப்யூட்டருக்கு மாறினேன். மங்கையின் தம்பி ரஞ்சித்குமார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அவன்தான் பழைய பாகங்களைச் சேர்த்து ஒன்று பூட்டிக் கொடுத்தான். வைரஸ் தொல்லை இருக்காது என்று இலவச மென்பொருளாகவே போட்டான். அதில் பாட்டுகளை அடுக்கி வைக்க ஒரு மென்பொருள் இருந்தது. நாலாயிரம் பாட்டு போட்டாலும் சாமிப் பாட்டு தனி, கல்யாணப் பாட்டு தனி, காதுகுத்துப் பாட்டு தனி என்று பிரித்து நிற்கும். அது எப்படி வேலை செய்கிறது என்கிற மூலநிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்றான் ரஞ்சித். அடுத்தவன் ஆம்ப்ளிஃபயரைத் தொட்டாலே கையை ஒடிக்கிற தொழிலில் இருக்கும் எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

ஆனால் பாட்டுகளின் சத்தத்தை மட்டும் அந்த மென்பொருள் கண்டுகொள்ளவில்லை. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய அம்மன் பாட்டு முனகும். அதற்கடுத்து வருகிற புதுப்பாட்டு பந்தலைப் பிய்த்துக்கொண்டு போகும். அதனால்தான் எந்த மைக்செட்காரனும் ஆம்ப்ளிஃபயரை விட்டு நகரமாட்டான். ஒவ்வொரு பாட்டுக்கும் காதால் கேட்டு, கையால் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நானும் பதினெட்டு வருடம் அப்படித்தான் இருந்தேன், குழாய் ஸ்பீக்கருக்குக் கீழேயே. இடது காது முதலில் போனது. வலது காது அதன் பின்னாலேயே கிளம்பியது.

யாரிடமும் சொல்லவில்லை. மங்கையிடமும் சொல்லவில்லை. கண் தெரியாத டிரைவரை யாராவது வண்டியில் ஏற்றுவார்களா? ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் சத்தத்துக்குத் தக்கபடி ஏறி இறங்குகிற விளக்குகள் இருக்கும். பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் அதிகம். அந்த விளக்கைப் பார்த்துப் பார்த்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். விளக்குக்குக் கண்தான் உண்டு, காது கிடையாது. கரகரவென்று இரைகிற பழைய பாட்டுக்கும் அது பச்சையே காட்டும்.

கருக்களாச்சேரி என் பிழைப்பில் பாதி. அந்த மீனவர் ஊரில் கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் என் செட்டுதான், ஊர் வாயில் அது 'சோமு செட்டு'. 2007 ஆடித் திருவிழா முடிந்த மறுநாள் ஊர்ப் பஞ்சாயத்தில் கூப்பிட்டு நிறுத்தினார்கள். "ஒரு பாட்டு காதைக் கிழிக்கிது, அடுத்த பாட்டு கேக்கவே இல்ல. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா நாகப்பட்டினத்துலேருந்து செட்டு கொண்டாந்துடுவோம், பாத்துக்கங்க" என்றார்கள். கருக்களாச்சேரி போனால் மற்ற ஊர்களும் காரணம் கேட்கும். காரணம் தெரிந்தால் என் தொழில் அன்றோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் எரிந்து விழுந்தேன். "பாட்டப் பத்தி இவனுங்களுக்கு என்னா தெரியும்?" என்று நடு வீட்டில் நின்று கத்தினேன். அவள் கைப்பையை மாட்டிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்தாள்.

அந்த மென்பொருளை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். மின்னஞ்சலில் பேசிக்கொள்வார்கள். தலைவர் மாதிரி இருந்தவர் பாவெல் என்று ஒரு செக் நாட்டுக்காரர். பாட்டுகளின் சத்தத்தைத் தானாகவே ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வசதி வேண்டும் என்று மங்கை அவருக்கு ஆங்கிலத்தில் எழுதினாள். எப்படி எழுதினாள் என்கிறீர்கள்? பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தாங்கள் கனிவுடன் பரிசீலித்து ஆவன செய்யுமாறு பணிந்து கேட்டு, கீழே பெயரும் பதவியும் போட்டிருந்தாள்; அலுவலக முத்திரை இல்லாத குறைதான். அரைக்கால்சட்டையோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற பையன்கள் கூட்டத்துக்கு இப்படி ஒரு மனு இதற்கு முன் போயிருக்காது. ரஞ்சித் அதைப் படித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தான்.

நான்கு நாளில் பதில் வந்தது. நல்ல யோசனை, எங்கள் யாருக்கும் நேரமில்லை, நிரல் திறந்துதான் இருக்கிறது, நீங்களே எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன். வேறு யாராக இருந்தாலும் மூஞ்சியில் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று விட்டிருப்பார்கள். மங்கை அதை அச்செடுத்துக் கோப்பில் போட்டாள். "ஆணை வந்துடுச்சுங்க," என்றாள்.

ஆறு மாதம் எழுதினாள். அலுவலகம் விட்டு வந்து உலை வைத்துவிட்டு ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுக்க. முதலில் ஒவ்வொரு பாட்டிலும் எங்கே சத்தம் உச்சம் என்று பார்த்து, அந்த உச்சத்தைச் சமமாக்கினாள். கேசட்டில் எங்கோ ஓரிடத்தில் 'டப்' என்று விழுந்த சத்தத்தை உச்சம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பாட்டை அது மேலும் அமுக்கிவிட்டது. பிறகு பாட்டு முழுவதற்கும் சராசரி எடுத்தாள். நடுவில் பேச்சும் இடைவெளியும் இருக்கிற பாட்டெல்லாம் சராசரியில் குறைந்து போய், தாறுமாறாகத் தூக்கிவிடப்பட்டன. மூன்றாவது முறைதான் மனிதக் காதுக்கு எது சத்தமாகப் படுகிறதோ அதை அளக்கிற வழி பிடிபட்டது. பாட்டைத் தொடாமல், எவ்வளவு கூட்டவேண்டும் எவ்வளவு குறைக்கவேண்டும் என்கிற எண்ணை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்துவிடும். பாட்டு ஒலிக்கும்போது அந்த எண்படி ஒலிக்கும். பாவெல் நான்கு முறை திருப்பி அனுப்பினார். ஒவ்வொன்றையும் அவள் மேலிடத்துக் குறிப்பாணையாக எடுத்துக்கொண்டு, வரிக்கு வரி விளக்கம் எழுதி மறுபடி அனுப்பினாள். எனக்குப் பொறுக்காது. "சம்பளமும் கிடையாது, அவன் யாரு ஒன்ன வெரட்டறதுக்கு?" என்பேன். "சும்மா இருங்க, அவரு சொல்றது சரி," என்பாள். ஐந்தாவது முறை பாவெல் ஏற்றுக்கொண்டார்.

அவ்வப்போது என்னை உட்காரவைத்து இரண்டு பாட்டைப் போட்டு, எது சத்தம் என்று கேட்பாள். நான் விளக்கைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஒருநாள் ஆம்ப்ளிஃபயர் முகப்பை மறைத்துக்கொண்டு துண்டு கிடந்தது. அன்றைக்கு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "சரிங்க," என்று எழுதிக்கொண்டாள். பெரிய ஆளை ஏமாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்தேன்.

2008 தை மாதம் கருக்களாச்சேரி தர்மலிங்கம் அண்ணன் மகள் ஜெயப்ரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கோட்டுச்சேரிமேட்டுப் பையன். மேளக்காரர்கள் கிடையாது. நாயனம் மேளம் எல்லாம் மைக்செட்டிலேயே போட்டுவிடுவதாக ஏற்பாடு. பஞ்சாயத்தார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அது அவர்கள் சொன்ன அந்த இன்னொரு தடவை என்பது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மங்கையும் வந்திருந்தாள். வரும்போதே சொல்லியிருந்தாள்: "எல்லாத்தையும் அளந்து வச்சிட்டேன். நீங்க கைய வைக்காதீங்க. அது பாத்துக்கும்."

அது பார்த்துக்கொண்டது. காலை ஆறு மணியிலிருந்து ஒரு பாட்டுகூட ஏறவில்லை, இறங்கவில்லை. விளக்கு பச்சையிலேயே நின்றது. பஞ்சாயத்தார் ஒருவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக நான் கையைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்தைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மங்கையைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தேன். அவள் வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டாள்.

முகூர்த்தம் வந்தது. பெரியவர் விரலை உயர்த்தி ஆட்டினார். நான் கெட்டி மேளத்தை அழுத்தினேன். திரையில் ஓடுவது தெரிந்தது. அட்சதையை எடுத்துக்கொண்டு மணமேடைப் பக்கம் திரும்பினேன்.

கெட்டி மேளம் எதற்கு? தாலி ஏறுகிற அந்த நேரத்தில் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஓர் ஆகாத சொல் யார் காதிலும் விழக்கூடாது என்பதற்குத்தான். பந்தல் அதிரவேண்டும். ஆனால் மங்கையின் ப்ரோகிராமுக்கு அது தெரியாது. நாலாயிரம் பாட்டில் இதுதான் ரொம்பச் சத்தம் என்று கண்டுபிடித்து, மற்ற எல்லாவற்றுக்கும் சமமாக அமுக்கி வைத்திருந்தது. தாலாட்டு எவ்வளவோ அவ்வளவுதான் கெட்டி மேளம். கையால் போட்ட காலத்தில் பெரியவர் விரல் ஆடியதும் என் கை தானாகச் சத்தத் திருகைக் கடைசிவரை கொண்டுபோய்விடும். அன்றைக்கு என் கை சும்மா இருந்தது.

மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டான். மீதி இரண்டு முடிச்சுப் போட அவன் அக்கா குனிந்தாள். அப்போது பெண்ணின் பெரியம்மா தும்மினாள். சாதாரணத் தும்மல் இல்லை. பந்தல் முழுக்கக் கேட்டதாம். எனக்குக் கேட்கவில்லை. நான் அட்சதை போட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாத் தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியதும்தான் ஏதோ தப்பு என்று புரிந்தது. நாத்தனாரின் கை முடிச்சில் அப்படியே நின்றுவிட்டது. மங்கை பெண்களைத் தாண்டிக்கொண்டு ஓடிவந்தாள். அதற்குள் தர்மலிங்கம் அண்ணன் என் முன்னால் நின்றார்.

"கெட்டி மேளத்த இப்படியா போடுவாங்க? எம் பொண்ணு தாலியில போயி வெளயாடுறியே?"

"அண்ணே, அவரு மேல தப்பில்ல," என்றாள் மங்கை. மூச்சு வாங்கியது. "நான் எழுதுனதுல வந்த கோளாறு. என்னயத் திட்டுங்க."

"கம்ப்யூட்டரு கோளாறுன்னாலும் இவருக்குக் காது இல்லியா தங்கச்சி? பக்கத்துலதான நிக்கிறாரு! கேக்கலயா சோமு ஒனக்கு?"

அவள் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றாள். எனக்காக ஒரு பொய் சொல்ல வாயைத் திறந்தாள். அரசாங்கக் கோப்பில் ஓர் எழுத்துப் பொய் எழுதாதவள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"கேக்கலண்ணே," என்றேன். "நாலு வருசமா எனக்குக் காது சரியாக் கேக்கல."

பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா தங்கையன் எழுந்து வந்தார். இருபத்தைந்து வருடம் மீன்பிடி லாஞ்சில் இன்ஜின் ஓட்டியவர். காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, "என்னா? என்னா கேக்கல? யாருக்குக் கேக்கல?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினார். பக்கத்தில் இருந்தவர், தும்மிட்டாங்கய்யா, தும்மல், என்று சைகை காட்டினார். "யாரு தும்முனா? எனக்கு ஒண்ணும் கேக்கலியே!" என்றார் தங்கையன். "நான்தான மாப்ளயோட அப்பன்? எனக்கே கேக்காத தும்மலு யாரை என்னா பண்ணும்?"

முதலில் சிரித்தது மணப்பெண் ஜெயப்ரியாதான். பிறகு பஞ்சாயத்தார் சிரித்தார்கள். இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலுக்குப் போய்வந்தவர்கள்தானே, அந்த வரிசையில் பாதிப் பேருக்குக் காது அவ்வளவுதான்.

"ரெண்டு முடிச்சு இன்னும் பாக்கி இருக்கில்ல?" என்றார் தங்கையன். "மேளத்தப் போடச் சொல்லு. எனக்குக் கேக்கணும்."

மங்கை பாட்டை முதலிலிருந்து வைத்தாள். என்னைக் கேட்காமல் திருகைக் கடைசிவரை திருப்பினாள். விளக்கெல்லாம் சிவந்தது. என் நெஞ்சுக்கூட்டுக்குள் தவில் இறங்கியது. மீதி இரண்டு முடிச்சும் அந்த இடிக்குள் விழுந்தன. தங்கையன் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

பந்தியில் தர்மலிங்கம் அண்ணன் பாயசத்தோடு வந்தார். "வையிறப்ப வஞ்சிட்டேன், மனசுல வச்சிக்காத," என்றார். பஞ்சாயத்தில் பேசியாகிவிட்டதாம். "வர்ற ஆடிக்கு நீயே வந்துடு. ஆனா தங்கச்சியையும் கூட்டிக்கிட்டு வந்துடணும். ஒங்க ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு காது போதும்."

திரும்பி வரும்போது வண்டியை நிறுத்தி, அவளிடம் கேட்டேன். "ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"மொதல்லேருந்தே தெரியும். துண்டு போட்டு வச்சது உறுதிப்படுத்திக்கத்தான்."

"அப்ப ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்," என்றாள். "சொல்லல. சரி, ஒங்களுக்குப் பதிலா கேக்கறதுக்கு ஒண்ணு எழுதிடலாம்னு எழுதுனேன். அதுலயும் போயி கெட்டி மேளத்த மறந்துட்டேன்." சாலையோரத்தில் நின்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என்னைப் போல ஒரு முரடனுக்காக ஒருத்தி ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு காது செய்திருக்கிறாள். இதைவிடப் பெரிதாக எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை.

மறுநாளே அடுத்த மனு போனது. குறிப்பிட்ட சில பாட்டுகளுக்குச் சமப்படுத்துவதிலிருந்து விலக்கு அளிக்க ஒரு குறி வேண்டும். பாவெல் தேவையில்லை என்றார். பயன்படுத்துகிறவர் கையால் கூட்டிக்கொள்ளலாமே? மங்கை கல்யாணம், தாலி, தும்மல் எல்லாவற்றையும் ஒரு பக்கம் விளக்கி எழுதினாள். கடைசியில் ஒரு வரி: கையால் கூட்டவேண்டியவருக்குக் காது கேட்காவிட்டால் என்ன செய்வது? இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், சேர்த்துவிட்டேன் என்று ஒற்றை வரி வந்தது. அடுத்த பதிப்பில் அவள் பெயரும் வந்தது. அதை அச்செடுத்துக் கோப்பில் போட்டு, கோப்பை முடித்துவைத்தாள்.

பிறகு என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சோதனை எல்லாம் முடிந்து, சித்திரையில் மெஷின் வந்தது. வீட்டுக்கு வந்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மின்விசிறி கிரீச்சிடுவது கேட்டது. குழாயில் சொட்டுவது கேட்டது.

"சாப்புட வாங்க!"

தூக்கிவாரிப் போட்டது. ஏதோ விபரீதம் என்று எழுந்துவிட்டேன். மங்கை வாசற்படியில் கையில் கரண்டியோடு சாதாரணமாக நின்றிருந்தாள்.

"ஏன் இப்படிக் கத்துற?" என்றேன்.

"கத்தலியே. நாலு வருசமா இப்படித்தான பேசறேன்," என்றாள். அதே சத்தத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்குக் கேட்கவேண்டும் என்று நாலு வருடமாக ஒவ்வொரு சொல்லையும் இப்படித்தான் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். உப்புப் போதுமா என்பதைக்கூட.

"மெதுவாப் பேசு மங்கை. இப்பக் கேக்குது."

சிரித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாப்புட வாங்க," என்றாள். சத்தமாகத்தான் வந்தது. இன்னொரு தடவை முயன்றாள். அதுவும் அப்படியே வந்தது. மூன்றாவது தடவை வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"வரலீங்க," என்றாள், அதையும் கத்தித்தான்.

காதுக்குப் பின்னால் விரலை விட்டு, மெஷினின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன்.

"பரவால்ல, நீ பேசு," என்றேன்.